படகுக்கு ஒரு ப்ளோயர்

லண்டன் பாலம் அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் நிற்கிறது என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. தேம்ஸ் நதியின் குறுக்கே 1831-ல் திறந்த பாலம் அது. பாரம் தாங்காமல் மண்ணில் இறங்குகிறது என்று லண்டன்காரர்கள் விலைக்கு விட்டபோது, ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழிலதிபர் 1968-ல் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். கற்களுக்கு எண் போட்டுப் பிரித்துக் கப்பலேற்றி, கொலராடோ ஆற்றின் ஹவாசு ஏரிக்கரையில் தான் உண்டாக்கிய ஊரில் 1971-ல் நிறுத்திவிட்டார். பாலம் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அந்த ஆள் முதலில் எதற்காக அந்தப் பொட்டல் காட்டுக்கு வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மெக்கல்லக் மரம் அறுக்கும் செயின் சா செய்தவர். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் செய்தார். அந்த மோட்டார்களை ஓட்டிப் பார்க்க இடம் தேடித்தான் ஹவாசுவுக்கு வந்தார். அதற்கெல்லாம் முன்பே, கார் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரில் கை வைத்தவர். 1957-ல் வந்த ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக் காரில் இருந்தது அவர் கம்பெனிச் சூப்பர்சார்ஜர்தான்.

அப்படிப்பட்டவர் உண்டாக்கிய ஊரில் ஒரு படகு என்ஜினுக்கு நாங்கள் சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டியதில் ஒன்றும் அதிசயமில்லை. அங்கே சனிக்கிழமை காலையில் படகுத்துறைக்குப் போய் நின்றால், என்ஜின் தலைமேல் மூட்டை போல ஒன்றைச் சுமந்துகொண்டு படகுகள் வரிசையாக இறங்கும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பம்ப்புப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ஒரு பம்ப்புக் கம்பெனியின் டூல்ரூமில் சில வருஷம் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவுக்குப் போனேன். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, பழைய ஆரஞ்சுத் தோப்புகளெல்லாம் கிடங்குகளாகிக்கொண்டிருந்த வட்டாரத்தில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் வேலை. விமானத்துக்கான உதிரிப் பாகங்கள்தான் அங்கே எங்களுக்குச் சோறு போட்டன. படகு, முதலாளியின் சொந்தப் பைத்தியம்.

முதலாளி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இளம் வயதில் கடற்படையில் சேர்ந்து, வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் பி.பி.ஆர். என்ற ரோந்துப் படகில் என்ஜின் பார்த்தவர். 31 அடி நீள ஃபைபர் கிளாஸ் படகு அது. உள்ளே இரண்டு டெட்ராய்ட் டீசல் என்ஜின்கள். தண்ணீருக்கடியில் புரொப்பல்லர் கிடையாது. ஜக்குஸி கம்பெனியின் ஜெட் பம்ப்பு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சியடித்துப் படகைத் தள்ளும். குளியல் தொட்டிக்குப் பேர்போன அதே ஜக்குஸிதான். தொட்டிக்கு முன்னால் அவர்கள் பம்ப்புக்காரர்கள். என் சான்றிதழ்களில் பம்ப்புக் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அவர் எனக்கு வேலை கொடுத்தார் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. சேர்ந்த வாரமே ஷாப்பின் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், தார்ப்பாய் போர்த்தியிருந்த படகைக் காட்டினார். எழுபதுகளில் வார்த்த, 19 அடி நீள ஜெட் படகு. செவர்லேயின் 454 கன அங்குல வி-8 என்ஜின், அதாவது 7.4 லிட்டர். அதோடு நேராக இணைந்த பெர்க்லி ஜெட் பம்ப்பு.

“என்ஜின் என் பொறுப்பு. பம்ப்பு உன் பொறுப்பு” என்றார்.

பம்ப்பைப் பிரித்தோம். ஊரில் போர்வெல் பம்ப்பையும் ஜெட் பம்ப்பையும் பிரித்தவனுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. இம்பெல்லர் இருக்கிறது, அதைச் சுற்றி வேர் ரிங் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஆற்று மணலை வருஷக்கணக்கில் குடித்து அந்த இடைவெளி அகன்றுபோயிருந்தது. தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தது. இம்பெல்லர் விளிம்பை லேத்தில் சமன் செய்து புது ரிங் போட்டோம். அடுத்த முறை ஏரிக்குப் போனபோது, என்ஜினில் கை வைக்காமலேயே படகு முன்னைவிட வேகமாகப் போனது. எனக்கு இது போதும் என்று பட்டது. அவருக்குப் போதவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அலுமினிய வார்ப்பில், இரண்டாள் பிடித்துத் தூக்க வேண்டிய கனத்தில் ஒரு 6-71 ப்ளோயர், அதாவது சூப்பர்சார்ஜர்.

இந்த 6-71-க்கு ஒரு பூர்வீகம் உண்டு. இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதும் இயந்திரத்தின் வாரிசு அது. ஒரு கூட்டுக்குள் இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுற்றும்; ஆனால் ஒன்றையொன்று தொடாது. ஒரு பக்கத்துக் காற்றை அள்ளி மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். முதலில் அது உலைக்களங்களில் காற்று ஊதப் போனது. 1938-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இரண்டு-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. சிலிண்டர் ஒன்றுக்கு 71 கன அங்குலம். ஆறு சிலிண்டர் வைத்தால் 6-71. அந்த வகை என்ஜின் தானாக மூச்சு வாங்காது. எரிந்த புகையை வெளியே தள்ளவும் புதுக் காற்றை உள்ளே நிரப்பவும் பக்கத்தில் ஒரு ப்ளோயர் ஓடியே ஆகவேண்டும். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் வீரர்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பலவற்றில் இருந்தது இந்த 6-71-ன் கடல் வடிவம்தான், 225 குதிரைத்திறன். போர் முடிந்தபின் கலிபோர்னியாப் பையன்கள் பழைய லாரி, பஸ் என்ஜின்களிலிருந்து ப்ளோயரை மட்டும் கழற்றி, ஃபோர்டு வி-8 என்ஜின் தலைமேல் உட்காரவைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டினார்கள். பார்னி நவாரோ என்பவர் நாற்பதுகளின் இறுதியிலேயே சின்ன 3-71 ஒன்றை அப்படிப் பொருத்தி ஓட்டியவர். ஆகவே பந்தயச் சாமான் என்று பெயரெடுத்த இந்த ப்ளோயர், கார் பந்தயத்துக்கு முன்பே படகில் ஏறியது. முதலாளிக்கு அதில் தனிப் பெருமை. அவருடைய ரோந்துப் படகின் டீசல்களிலும் இதே குடும்பத்து ப்ளோயர்தான் ஓடியது.

பெட்டியைத் திறந்த அன்றே அதைப் படகில் மாட்டிப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

454 கன அங்குல என்ஜின் நாலு-ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வயிறு நிரப்பும். ஆக, சுற்று ஒன்றுக்கு 227 கன அங்குலக் காற்று. 6-71 ப்ளோயர் ஒரு சுற்றில் கொட்டுவது ஏறத்தாழ 411. என்ஜின் வேகத்துக்கே ப்ளோயரும் சுற்றினால், குடிக்க முடிந்ததைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ஊட்டுகிறோம். பெட்ரோல் பங்க்கில் பிடிக்கிற சாதாரண பெட்ரோலில் அது தாங்காது. எனவே கிராங்கில் 40 பல் புல்லி, ப்ளோயரில் 50 பல் புல்லி. என்ஜின் ஐந்து சுற்றுச் சுற்றினால் ப்ளோயர் நாலு சுற்று. இப்போது 411 என்பது 329 ஆகிறது. 227-க்குள் 329-ஐ அடைத்தால் கசிவு போக 5, 6 பவுண்டு அழுத்தம் நிற்கும். அது போதும் என்றார்.

காற்றை அழுத்தினால் சூடேறும். ரூட்ஸ் ப்ளோயர் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரடு. வெளியே தள்ளிய காற்று திரும்பி அடித்து, வேண்டியதற்கு மேல் சூட்டைக் கிளப்பும். ஹவாசுவில் கோடைக்காற்று 40 டிகிரிக்கு மேல். 1994 ஜூனில் அந்த ஊர் 53 டிகிரியைத் தொட்டு அரிசோனா மாநிலத்துக்கே சாதனை வைத்தது. 40 டிகிரிக் காற்று உள்ளே போய் ப்ளோயருக்குக் கீழே வரும்போது, கணக்குப்படி நூறு டிகிரி. கார்புரேட்டர் மேலே இருப்பதால் பெட்ரோலும் ப்ளோயர் வழியாகவே இறங்கி அந்தச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கிறது. மிச்சச் சூட்டைப் பிஸ்டன்தான் தாங்கவேண்டும்.

காரில் இதே வேலையைச் செய்தால் பாதிப் பாவம் மன்னிக்கப்படும். கார்க்காரன் பச்சை விளக்குக்கு ஒரு மிதி மிதிப்பான், பத்து விநாடியில் காலை எடுப்பான். அப்புறம் வண்டி தானாக உருளும். படகு உருளாது. ஆக்ஸிலேட்டரை விட்டால் தண்ணீர் பிடித்து நிறுத்திவிடும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற பஸ்ஸுக்கு ஆழியாறிலிருந்து மேலே போகும்வரை என்ன பாடோ, படகு என்ஜினுக்கு ஏரியில் இருக்கும் நேரம் முழுக்க அதே பாடு. இறக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ப்ளோயர் மாட்டுவது கடைசி வேலை என்றார் அவர். முதலில் என்ஜினை அக்கக்காகப் பிரிக்கவேண்டும்.

பிரித்ததும் ஒன்று தெரிந்தது. பின்பக்கச் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளில் துரு. எண்ணெய் குளிக்கிற என்ஜினுக்குள் துருவா என்று கேட்டேன். படகில் எக்ஸாஸ்ட் குழாய் காய்ந்து பழுக்காமல் இருக்க அதற்குள்ளேயே தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். பழைய சொந்தக்காரர் வேகத்துக்கு ஆசைப்பட்டு, பந்தயக் கார்களுக்கான கேம் ஷாஃப்ட்டைப் போட்டிருந்தார். அதில் உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றாகத் திறந்திருக்கிற நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது அந்த நேரத்தில் என்ஜின், புகைக் குழாயிலிருந்து பின்னோக்கி ஒரு மடக்கு உறிஞ்சும். காரில் உறிஞ்சினால் புகை. படகில் உறிஞ்சினால் தண்ணீர். ப்ளோயர் என்ஜினுக்கு எப்படியும் அந்தச் சேர்ந்து திறக்கும் நேரம் குறைவான கேம்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டிய காற்று எரியாமலே வெளியே போய்விடும். கேமை மாற்றியதில் இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்தாயிற்று.

பிஸ்டன்கள் ஃபோர்ஜிங், அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று. ரிங்குகளை நான்தான் பொருத்தினேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பிஸ்டன் ரிங் முழு வட்டமில்லை. ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த வெட்டு மூடிக்கொள்ளும். முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும், பிஸ்டனின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு போகும். சாதாரண என்ஜினுக்குச் சிலிண்டர் விட்டத்தில் அங்குலத்துக்கு நாலு நாலரைத் தவ் இடைவெளி விடுவது வழக்கம். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு ஆறு தவ் வைத்தோம். விட்டம் நாலேகால் அங்குலம். ஆக இருபத்தைந்து தவ். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதால் ஒரு அங்குலம் கீழே தள்ளினால் ரிங் கோணாமல் உட்காரும். ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, எடுத்து, கைப்பிடி போட்ட சின்ன அரத்தில் இரண்டு சுற்றுத் தேய்த்து, பிசிறை எடுத்து, மறுபடி உள்ளே வைத்துப் பார்க்கவேண்டும். வெளிப்பக்கமிருந்து உட்பக்கமாகத்தான் தேய்க்கவேண்டும். மாற்றித் தேய்த்தால் ரிங் முகத்தில் உள்ள மாலிப்டினம் பூச்சு உதிரும். எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று எழுதிவைத்து, எட்டுக்கும் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும். அவசரக்காரர்கள் இதைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிட்டு, பிஸ்டன் உடைந்தபின் ப்ளோயரைத் திட்டுவார்கள்.

அடுத்தது கிராங்க். ப்ளோயரைச் சுற்ற மூன்றங்குல அகலத்தில் ஒரு பல் பெல்ட். நாங்கள் வைத்த சின்ன அழுத்தத்துக்கே ப்ளோயர் முப்பது நாற்பது குதிரைத்திறனைத் தின்றுவிடும். அது முழுக்கக் கிராங்க் மூக்கிலுள்ள ஒரே ஒரு கீ வழியாகப் போகவேண்டும். கால் அங்குலம்கூட அகலமில்லாத அந்தக் கீ, விசிறியையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றும் புல்லிக்காக வைத்தது. ப்ளோயர் இழுத்தால் கீ நசுங்கும், பள்ளம் அகலும், ஹப் ஆடத் தொடங்கும். அதனால் எதிர்ப்பக்கம் இரண்டாவது கீவே வெட்டுவது வழக்கம். கிராங்கை மில்லிங் மெஷினில் வி-பிளாக்குகளின் மேல் கிடத்தினேன். இருக்கிற பள்ளத்தில் ஒரு கீயை இறுக்கமாக நுழைத்து, அதன் முகத்தில் டயல் கேஜ் ஓட்டி, முள் அசையாத நிலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சரியாக 180 டிகிரி திருப்பினேன். புது ஹப்பில் இரண்டு பள்ளமும் ஏற்கெனவே வெட்டியிருந்தது. என் வெட்டு அரைத் தவ் விலகினாலும் ஹப் ஏறாது, ஏறினாலும் ஒரு கீ மட்டும்தான் பாரம் தாங்கும். எஃகு கடினம், கட்டர் முனகிக்கொண்டே போனது. முதலாளி வேறு வேலை பார்ப்பதுபோல் பக்கத்திலேயே நின்றார். வெட்டி முடித்து இரண்டு கீயையும் போட்டு ஹப்பைத் தள்ளியபோது, ஆட்டமும் இல்லாமல் அடியும் வாங்காமல் ஏறி உட்கார்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்குக் காசு அவர் கொடுத்தார்.

ப்ளோயரை மேலே ஏற்றிய நாளில் உண்மையில் சொல்ல அதிகமில்லை. மேனிஃபோல்டு, கேஸ்கெட், ப்ளோயர், அதன்மேல் குறுக்காக இரண்டு கார்புரேட்டர். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்த்தோம். பெல்ட்டை வீணைத் தந்தியாக இறுக்கக்கூடாது. என்ஜின் சூடாகும்போது அலுமினியம் வளர்ந்து அதுவே இறுகிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசையவேண்டும். மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு உண்டு; உள்ளே பின்வெடிப்பு நடந்தால் அது திறந்து அழுத்தத்தை விடும். அது இல்லாவிட்டால் ப்ளோயர் கூடு பிளக்கும். இக்னிஷனை முன்பு இருந்த 38 டிகிரியிலிருந்து 30-க்கு இறக்கினார். ஒரு பகலில் முடிந்துவிட்டது. பார்க்க வந்த நண்பர்கள் அனைவரும் இந்த ஒரு நாளை மட்டும்தான் படம் எடுத்தார்கள்.

சட்டமும் நடுவில் வரும். அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25-க்குப் பின் படகில் பொருத்திய பெட்ரோல் என்ஜின் எதுவானாலும், அவுட்போர்டு நீங்கலாக, கார்புரேட்டர் வாயில் தீத்தடுப்பு வலை இருக்கவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் கசிந்தால் கீழே தெருவுக்குப் போய்விடும். படகில் போக இடமில்லாமல் அடித்தட்டில் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால் என்ஜினைக் கிளப்புமுன் நாலு நிமிஷம் அடித்தட்டு விசிறியை ஓட்டவேண்டும் என்று டாஷ்போர்டிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் எண்ணுவார், பிறகு என்ஜின் மூடியைத் தூக்கி மூக்கை விட்டு மோந்து பார்ப்பார், அப்புறம்தான் சாவி. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தாலும் அவருக்குக் கேட்காது.

முதல் ஓட்டம் ஏரியில். ப்ளோயரின் ஊளை முதலில் காதில் விழுகிறது. என்ஜின் சத்தம் அதற்குப் பின்னால்தான். கொஞ்ச தூரம் முழு வேகத்தில் போய், சட்டென்று என்ஜினை அணைத்து, தண்ணீரில் மிதந்தபடியே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். மெதுவாகக் கரைக்கு வந்து கழற்றினால், வருகிற வழியில் படிகிற கரி உண்மையை மூடிவிடும். சுடச்சுடக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார். மூன்று பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூளை ஊதிவிட்ட மாதிரி நுண்ணிய புள்ளிகள். சில புள்ளிகள் வெயிலில் மின்னின. மின்னியது அலுமினியம். அதாவது பிஸ்டனின் தலை. பெட்ரோல் போதாமல், வேளைக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைக் கொத்த ஆரம்பித்திருந்தது.

“படகை ட்ரெய்லரில் ஏற்று” என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு.

காரணம் கார்புரேட்டரில் இருந்தது. கார்புரேட்டருக்குள் பவர் வால்வு என்று ஒன்று உண்டு. என்ஜின் சும்மா ஓடும்போது கீழே வெற்றிடம் நிறைய இருக்கும், வால்வு மூடியிருக்கும். முழுக்க மிதித்தால் வெற்றிடம் குறையும்; வால்வு திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். ஆனால் ப்ளோயர் நடுவில் உட்கார்ந்திருந்தால், முழு வேகத்திலும் அது கார்புரேட்டரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே மேனிஃபோல்டில் அழுத்தம், மேலே கார்புரேட்டருக்கடியில் இன்னும் வெற்றிடம். பவர் வால்வு என்ஜின் ஓய்வாக இருக்கிறது என்று நம்பி மூடிக்கொள்கிறது. மிக அதிகமாகப் பெட்ரோல் வேண்டிய நேரத்தில் கிடைப்பது குறைவு. ப்ளோயருக்கென்று மாற்றிய கார்புரேட்டரில் இந்தச் சமிக்ஞையை ப்ளோயருக்குக் கீழிருந்து ஒரு குழாய் மூலம் எடுப்பார்கள். நாங்கள் வாங்கிய ஜோடியில் ஒன்றுதான் அப்படி மாற்றியது. இன்னொன்றுக்கு வெளியே குழாய் மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே துளையே இல்லை. விற்றவர் யார் என்பது இப்போது வேண்டாம். துளை போட்டு, பழைய வழியை அடைத்து, ஜெட்டுகளையும் பெரிதாக்கினோம். அடுத்த முறை எட்டுப் பிளக்கும் ஒரே நிறத்தில் வந்தன.

முடிவில் கிடைத்தது என்ன என்று கேட்கலாம். என் மனைவி அன்றே கேட்டாள். முன்பு முழு வேகத்தில் 4,600 சுற்று ஓடிய என்ஜின் இப்போது 5,000 சுற்று ஓடியது. பம்ப்புக்காரனுக்கு இந்த இரண்டு எண் போதும், டைனமோமீட்டர் வேண்டாம். பம்ப்பு இழுக்கும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக ஏறும். ஊரில் டெஸ்ட் பெட்டில் தினமும் பார்த்த விதி. 4,600-லிருந்து 5,000-க்கு வேகம் நூற்றுக்கு ஒன்பதுகூட ஏறவில்லை. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட திறன் நூற்றுக்கு 28 அதிகம். ப்ளோயர் வாக்குத் தவறவில்லை. தந்ததையெல்லாம் தண்ணீர் தின்றுவிட்டது. 60 மைலில் ஓடிய படகு 65 மைலைத் தொட்டது.

“ஏனுங்க, இத்தனை கூத்தும் அஞ்சு மைலுக்குத்தானுங்களா?” என்றாள்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். முதலாளி அவளைப் படகில் ஏற்றி, நின்ற நிலையிலிருந்து ஒரே அழுத்து அழுத்தினார். ரூட்ஸ் ப்ளோயருக்கு டர்போ போலத் தயங்கும் பழக்கமில்லை. மிதித்த மறுகணமே காற்று இருக்கும். படகின் மூக்கு தூக்கி இறங்கி, தண்ணீர்மேல் ஏறி ஓடத் தொடங்கியது எப்போது என்றே தெரியவில்லை. திரும்பி வந்ததும் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே, “சரி, இருக்கட்டுமுங்க” என்றாள். கணக்கில் அவள் கட்சிதான் நானும். ஆனால் அந்த இழுவையை அனுபவித்தவர்களிடம் கணக்குப் பேசிப் பயனில்லை.

அந்த என்ஜின் பல கோடைகள் ஓடியது. இரண்டு தடவை பெல்ட் மாற்றினோம் என்று ஞாபகம், பிஸ்டனைத் தொடவில்லை. ஷாப்பை மூடி ஓய்வெடுத்தபோது அவர் படகை விற்றுவிட்டார். நான் கோயம்புத்தூருக்குத் திரும்பி, மறுபடி பம்ப்பு வேலைக்கே வந்துவிட்டேன்.

இப்போதும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற நம் பையன்கள் சிலர் ஜெட் படகு வாங்கிவிட்டு, ப்ளோயர் மாட்டலாமா என்று போனில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காசை முதலில் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் ஒதுக்குங்கள். அடுத்து ஆயில் கூலர், எக்ஸாஸ்ட், கார்புரேட்டர். அதற்குமேல் மிச்சமிருந்தால் ப்ளோயர் வாங்குங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எதற்கும் முதலில் பம்ப்பைத் திறந்து, இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் இடையே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள்.